எட்டுக் கேள்விக்கும் பூஜ்யம்

பக்கத்துக் கட்டில் காலியாகக் கிடக்கிறது. காலை மணி ஏழு பத்து. என் இடது கையில் இரண்டு ஊசியும் ஏறிவிட்டன, டெக்னீசியன் ஜெபசிங் பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டிவிட்டுப் போய்விட்டான், டயாலிசிஸ் இயந்திரம் சுற்ற ஆரம்பித்து என் ரத்தம் குழாயில் ஏறி வளைந்து வடிகட்டிக்குள் போய்க்கொண்டிருக்கிறது, எல்லாம் எந்த வியாழக்கிழமையும் போலத்தான், பக்கத்துக் கட்டில் மட்டும் காலி. விரிப்பு மாற்றியிருக்கிறார்கள். இப்போது பச்சை. செவ்வாய்க்கிழமை வெள்ளை இருந்தது, அந்த வெள்ளை, வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். அந்தக் கட்டில்காரி சலேத்மேரி அக்கா வருவாள். வராமல் எங்கே போவாள், வாரத்தில் மூன்று நாள் இங்கே வராமல் இருக்க எங்களில் யாருக்கு முடியும். மாடி வார்டில் வைத்திருக்கிறார்கள், இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள் என்று ஜெபசிங் சொன்னான். "இப்ப எப்படி இருக்காங்க தம்பி?" என்றேன். "பாப்போம்ணே" என்றான். பாப்போம். கப்பல் எப்போது வரும் என்று கேட்டால் துறைமுகத்தில் அப்படித்தான் சொல்வார்கள், வந்தாலும் வரும், வராவிட்டாலும் அவர்கள் சொன்னது பொய்யாகாது. நான் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இந்த நாலு மணி நேரத்தையும் எப்படிக் கடத்துவது.

இந்த வார்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஊசி குத்திய கையைப் போர்வைக்குள் வைக்கக் கூடாது. ஏசி குளிரும், உடம்புக்கு வெளியே போய் வருகிற ரத்தம் குளிர்ந்தே திரும்பும், பல் கிட்டும், ஆனாலும் கை வெளியேதான் கிடக்க வேண்டும், எல்லார் கண்ணும் படுகிற மாதிரி. ஊசி நழுவினால் சில சமயம் இயந்திரம் கத்தாது. அது பாட்டுக்கு உள்ளே இழுத்ததை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், ரத்தம் உடம்புக்குப் போகாமல் மெத்தைக்குப் போகும். அதனால் ஒரு கட்டில்காரர் அடுத்த கட்டில்காரரின் கையைப் பார்த்துக்கொள்வது என்று ஒரு வழக்கம். புதிதாக வருகிறவரிடம் பேர் ஊர் கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவோம். நர்ஸுகள் ஓடிக்கொண்டிருப்பவர்கள், பத்துக் கட்டிலுக்கு இரண்டு பேர், அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் வந்த புதிதில் சலேத்மேரி அக்காதான் சொன்னாள். "எய்யா, என்ன வேலை பாக்க?" "வாச்மேன் அக்கா. கருவாட்டு கோடவுன்ல ராத்திரி வாச்மேன்." "அப்படிச் சொல்லு! எனக்கு மாதாவே ஆளனுப்பியிருக்கா. நான் வெடியக்காலம் மூணு மணிக்கு மீன் ஏலத்துக்குப் போறவ, இங்க வந்து படுத்தா கட்டையா தூங்கிருவேன். எங் கையை நீ பாத்துக்கோ. என்ன?" சரி என்று சொன்னேன். அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம். சிறுநீரகம் இரண்டும் போன பிறகு யாரும் என்னிடம் எதையும் ஒப்படைத்ததில்லை. வீட்டில் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கக் கூட விடமாட்டாள் என் மனைவி முத்துக்கனி, இந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவள் வலது கைக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டாள். இங்கே ஒருத்தி தன் உயிரை எடுத்து என்னிடம் கொடுத்து, வைத்துக்கொள் என்கிறாள்.

இருபத்தாறு வருஷம் ராத்திரி வேலை. தூங்காமல் இருப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில். பத்தாவது தாண்டாதவன், இங்கிலீஷ் படித்தது கூட முழித்திருந்த உபயத்தில்தான், கோடவுனுக்கு வரும் பெட்டிகளின் மேல் அச்சடித்ததை எழுத்துக் கூட்டி, பழைய பேப்பர் கடையில் எடுத்த அகராதியில் தேடி. இப்போது என் ரத்தப் பரிசோதனைச் சீட்டை நானே வாசிப்பேன். கிரியேட்டினின், பொட்டாசியம், பைகார்பனேட். முதலில் இவையெல்லாம் தூரத்து ஊர்ப் பேர்கள் மாதிரி இருந்தன, அப்புறம் உறவுக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டன, பொட்டாசியம் ஏறினால் முத்துக்கனி கூட, "அவன் ஏறிட்டானா, இளநீ குடிச்சியளா?" என்று கேட்பாள். என்ன சொல்ல வந்தேன். முழித்திருப்பது. ஆமாம். போன மாதம் ஒரு சின்ன டாக்டரம்மா வந்தாள், இளவேனில் என்று பேர், மேல்படிப்புக்கு ஆராய்ச்சி செய்கிறாளாம். கையில் ஒரு படிவம். எட்டுக் கேள்வி. உட்கார்ந்து படிக்கும்போது கண் அசருமா, டிவி பார்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது, மத்தியானம் சாப்பிட்ட பிறகு, ஒருத்தரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, இப்படி. அசராது என்றால் பூஜ்யம், கட்டாயம் அசரும் என்றால் மூன்று. நான் எட்டுக்கும் பூஜ்யம் என்றேன். "எட்டுக்குமா சார்?" என்று சிரித்தாள். "ராத்திரி வாச்மேன் நான். தூங்குறவனுக்கு எவன் சம்பளம் கொடுப்பான்?" என்றேன். பக்கத்துக் கட்டிலில் கண் மூடிப் படுத்திருந்த அக்காவும் உதட்டுக்குள் சிரித்த மாதிரி இருந்தது. கனவு காண்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை. நினைக்காமல் இருக்க முடியாது போலிருக்கிறது, பல்லிடுக்கில் சிக்கிய மீன் முள்ளை நாக்கு தொட்டுத் தொட்டுப் பார்க்கிற மாதிரி மனசு அங்கேயே போகிறது, சரி, போகட்டும். என் இயந்திரத்தில் இரண்டு மணி நாற்பது நிமிஷம் பாக்கி என்று காட்டியதைப் பார்த்தேன். அக்காவின் கையைப் பார்த்தேன், வெளியே இருந்தது, வளையல் கழற்றிய தடம், அதற்குக் கீழே பிளாஸ்திரி. அதற்கு அப்புறம் தரை துடைக்கிற பேச்சிக்கிழவியின் அலறல். நடுவில் ஒன்றுமே இல்லை. தூங்கினேன் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை, தூக்கம் என்றால் கொட்டாவி வரும், கண் எரியும், தலை ஒரு பக்கம் சாயும், அதோடு இருபத்தாறு வருஷம் மல்லுக்கட்டியவன் நான், அதன் காலடிச் சத்தம் எனக்குத் தெரியும். இது அப்படி வரவில்லை. ஒரு நிமிஷத்துக்கும் அடுத்த நிமிஷத்துக்கும் நடுவே யாரோ கத்தரித்து ஒட்டியது மாதிரி. கட்டிலுக்குக் கீழே தரையில் ஒரு தட்டு அளவுக்கு ரத்தம். அக்கா குளிருக்குப் போர்வையை இழுத்துக் கையோடு மூடியிருக்கிறாள், உள்ளே ஊசி நழுவியிருக்கிறது. ஜெபசிங் ஓடி வந்து பம்ப்பை நிறுத்தினான். அவள் முகம் வெந்த கணவாய் மீன் மாதிரி வெளுத்திருந்தது. என் இயந்திரத்தைப் பார்த்தேன், இரண்டு மணி இரண்டு நிமிஷம். முப்பத்தெட்டு நிமிஷம் எங்கே போனது. முன்பும் இப்படி நடந்திருக்கிறது, கடிகாரம் திடீர் திடீரென்று தாண்டிக் காட்டும், இந்த இயந்திரம் பழசு, நேரம் ஓட்டமாய் ஓடுகிறது என்று ஜெபசிங்கிடம் இரண்டு தடவை புகார் கூட செய்திருக்கிறேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "பாக்கச் சொல்லுதேன்ணே" என்றான். கடவுளே, நான் இயந்திரத்தின் மேல் பழி போட்டிருக்கிறேன்.

அதன் மேல் போய்ப் பழி போட்டேனே. என் ரத்தம் மூன்று வருஷமாக அதன் வழியாகத்தான் போய் வருகிறது, பெற்ற தாய் கூட மேல்புறத்தைத்தான் கழுவினாள், இது உள்ளே கழுவுகிறது. போய்ச் சேர்ந்த என் அப்பாவுக்கு இதே வியாதிதான் இருந்திருக்க வேண்டும், கால் வீங்கி, முகம் ஊதி, கடைசி ஒரு மாசம் பகலெல்லாம் தூங்கிக்கொண்டே இருந்தார், சோம்பேறி என்று வீட்டில் திட்டினோம். நானும் திட்டினேன். அவருக்கு இந்த இயந்திரம் கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்திருக்கிறது. அந்த நன்றி இல்லாமல் நேரத்தைக் குறை சொன்னவன். முத்துக்கனியும்தான் ஏமாந்தாள், எனக்காக ஜன்னலில் இரட்டைச் சாக்கு கட்டி வைத்திருக்கிறாள், தெருவில் ஐஸ் விற்கிறவன் மணியடித்தால் வாசலுக்கு ஓடிப் போய், "எங்க வீட்டாளு உறங்குதாவ, அங்கிட்டுப் போய் அடி" என்பாள். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போனால் சாயங்காலம் வரை செத்த மாதிரி கிடப்பேன். ராத்திரி வேலைக்காரன் பகலில் தூங்குவது நியாயம்தானே என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன், ஊரே நினைத்தது. வேறு யாராவது இப்படிப் பகலில் விழுந்து கிடந்தால் என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள். என் தொழில் என் வியாதியை மூடிவிட்டது, அக்காவின் கையைப் போர்வை மூடிய மாதிரி. அவள் வரட்டும். திட்டட்டும். மீன் மார்க்கெட்டில் அவள் திட்டினால் ஏலக்காரன் விலையை மறந்துவிடுவான் என்பார்கள், அந்தத் திட்டு மொத்தமும் எனக்கு வரட்டும். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் இனி யார் கையைப் பார்ப்பேன், யார் என்னைப் பார்க்கச் சொல்வார்கள்.

"பெருமாள் சார், முழிச்சிருக்கீங்களா?" டாக்டரம்மா. அந்தப் படிவம் கையில் இருக்கிறது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தபடி பேசினாள், அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. "உங்க ரத்தம் கொஞ்சம் எடுத்துட்டுப் போனோம்ல சார், அது வந்துருச்சு. சிறுநீரகம் வேலை செய்யாதப்போ உடம்பு சாப்பாட்டை எரிக்கிற விதமே மாறுது. சில கழிவுகள் தங்குது, அமிலம் கூடுது, மூளைக்குப் போக வேண்டிய சில பொருள்கள் கூடக் குறைய ஆகுது. இந்த மாற்றம் எல்லாம் உங்ககிட்ட இருக்கு. இப்படி இருக்கிற மத்தவங்க பகல்ல தூக்கம் அசத்துதுன்னு சொல்றாங்க. நீங்க மட்டும் எட்டுக்கும் பூஜ்யம்." நான் கேட்டேன், "அதனாலதான் தூக்கம் வருதாம்மா?" அவள் யோசித்தாள். "அதனாலதான்னு இன்னும் சொல்ல முடியாது சார். ரெண்டும் சேர்ந்து வருது. அவ்வளவுதான் இப்போதைக்குத் தெரியும்." சேர்ந்து வருது. படித்த பிள்ளை, தெரியாததைத் தெரியாது என்கிறது, எனக்கு அவள் மேல் பிரியம் வந்தது. ஆனால் அந்தப் படிவம். பூஜ்யத்தை அடித்துவிட்டு மூன்று என்று போட்டால் அது ஒரு எண் இல்லை, இருபத்தாறு வருஷம். இவனை ராத்திரி வேலைக்கு வைக்காதே என்று யாராவது ஒரு வரி எழுதிவிட்டால். அதைவிட, இந்த வார்டில் இனி என்னிடம் யாரும் கையைக் கொடுக்க மாட்டார்கள். "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லட்டுமா?" என்றேன். "யோசிங்க, மத்தவங்களை முடிச்சிட்டு வர்றேன்" என்று எழுந்தாள். ராத்திரியில் கால் இரண்டும் ஒரு இடத்தில் நிற்காமல் குடையும், எறும்பு ஊர்கிற மாதிரி, அதனால்தான் நடந்துகொண்டே இருப்பேன், அதையும் அவளிடம் சொல்லவில்லை. ஒருவேளை நான் பெருமைப்பட்ட அந்த முழிப்பும் என்னுடையது இல்லையோ, அதுவும் இதே ரத்தத்தின் வேலையோ. அப்படியானால் நான் என்று எதைத்தான் வைத்துக்கொள்வது.

சக்கர நாற்காலிச் சத்தம். எட்டே கால். ஒரு பக்கச் சக்கரம் கீச்சிடுகிறது, நான் திரும்பவில்லை, வேறு யாராவதாக இருந்தால் அந்த ஒரு நொடியை எப்படித் தாங்குவது என்று இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன வாச்மேனு, கோடவுன்ல களவு போயிட்டுன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டியோ?" கடவுளே, அந்தக் குரல். கொஞ்சம் மெலிந்திருந்தது, ஆனால் அதே குரல். ஜெபசிங் அவளைக் கட்டிலுக்கு மாற்றினான், காலைத் தூக்கி வைத்தான், அவள் அவனையும் விடவில்லை, "மெள்ளத் தூக்குல, நான் என்ன உப்பு மூடையா?" என்றாள். கழுத்தில் மாதா படம் வைத்த உத்தரியக் கயிறு, உதடு காய்ந்து வெடித்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஐம்பது வயதில் கையை அசைக்கக் கூடாமல் மல்லாந்து படுத்துக்கொண்டு அழுதால் கண்ணீர் காதுக்குள் போகும் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். "அக்கா, மன்னிச்சிரு. உங் கையைப் பாக்க முடியாமப் போச்சு. தூங்கிட்டேன் அக்கா. எப்படின்னு தெரியல." ஜெபசிங் அவளுக்கு ஊசி குத்தி, ஒன்றுக்கு இரண்டாகப் பிளாஸ்திரி போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான். அப்புறம் தலையை மட்டும் என் பக்கம் திருப்பினாள். "அன்னைக்குத்தான் தூங்குனன்னு நெனச்சியா?"

எனக்குப் புரியவில்லை. "எலேய், நீ மூணு மாசமா தெனமும் தூங்குத. வந்து ஒரு மணி நேரம் ஆனா போதும், கண்ணு பாதி தொறந்தாப்புல இருக்கும், வாயி மூடியிருக்கும், நர்ஸம்மாமாருக்கு முழிச்ச மாதிரிதான் தெரியும். எனக்குத் தெரியாதா? செத்த மீனும் கண்ணு தொறந்துதான கெடக்கும்." என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடிந்தது, அவளால் என் முகத்தைப் பார்க்க முடிந்தது, ஓடி ஒளிய இடம் இல்லை, இருவரையும் ஊசி போட்டுக் கட்டி வைத்திருக்கிறது. "அப்ப நீ..." "நான் முழிச்சிருப்பேன். ஒங் கையை யாரு பாப்பா? நீ அசையுத மாதிரி இருந்தா நான் கண்ணை மூடிக்கிடுவேன். எம்பிட்டுப் பெருமையா, 'அக்கா, நல்லாத் தூங்குனியா, கையெல்லாம் பத்திரமா இருக்கு'ன்னு கேப்ப. அதைக் கெடுக்கணுமாக்கும்? திங்கக்கிழமை ராத்திரியே சாளை மீனு வாரிக்கிட்டு வந்துட்டு, ஏலம் முடியவே விடிஞ்சு போச்சு. அப்படியும் வீட்டுக்குப் போய்க் கண்ணசரல. செவ்வாக்கெழமை எனக்கு முடியல தம்பி. குளுருச்சு, மூடிக்கிட்டேன், தூங்கிட்டேன். அது எங் குத்தம். உன்மேல என்ன?" மூன்று மாதம். வாரத்துக்கு மூன்று. முப்பத்தாறு முப்பத்தேழு காலைகள், விடியற்காலம் மூன்று மணிக்கு எழுந்து ஈரச் சிமெண்டுத் தரையில் நின்று தொண்டை கிழியக் கத்தியவள், எனக்காகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள், எனக்காகவே அதை மூடியும் இருக்கிறாள். நான் காவல் காத்தேன் என்று நினைத்த நேரமெல்லாம் காக்கப்பட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்க வேண்டும். வெட்கம் வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை, அதற்குப் பதிலாக வேறு ஏதோ நெஞ்சில் இறங்கிக்கொண்டே இருந்தது, வெயிலில் நடந்து வந்தவனுக்கு ஒரு மிடறு தண்ணீர் போல என்று சொல்ல வந்தேன், நாளுக்கு இவ்வளவுதான் என்று தண்ணீரை அளந்து குடிக்கிற எங்களைப் போன்றவர்கள் அதைப் பற்றி உதாரணத்துக்குக் கூட அளந்துதான் பேச வேண்டும், ஒரு மிடறு என்றே வைத்துக்கொள்கிறேன், இன்றைய கணக்கில் அது சேராது.

டாக்டரம்மா திரும்பி வந்தபோது நானே கேட்டேன், "அம்மா, அந்த எட்டையும் திருப்பிக் கேளுங்க." முதல் கேள்வி, உட்கார்ந்து படிக்கும்போது. மூன்று. டிவி பார்க்கும்போது. மூன்று. பஸ்ஸில். "மூணு போடுங்க. இந்தா பக்கத்துல புதுக்கோட்டைல எறங்க பஸ் ஏறி, தூங்கி வல்லநாடு தாண்டிப் போன ஆளு இவரு, அவரு பெஞ்சாதி சொல்லிச்சு" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து பதில் வந்தது. டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள். ஒருத்தரோடு பேசிக்கொண்டிருக்கும்போது என்ற கேள்வியில் நான் தயங்கினேன், அது எனக்குத் தெரியாது என்றேன், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவளிடம்தான் இப்போது கற்றிருந்தேன். அவள் அக்காவைப் பார்த்தாள். "ரெண்டு" என்றாள் அக்கா, மீனுக்கு எடை சொல்கிற மாதிரி. ராத்திரி கால் குடைவதையும் சொன்னேன். "வேலைய விடணுமாம்மா?" என்று கேட்டுவிட்டேன், கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியை இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தேன் என்று தெரிந்தது. "பெரிய டாக்டர்கிட்ட பேசறேன் சார். டயாலிசிஸ் நேரத்தைக் கூட்டிப் பாக்கலாம், காலுக்கு மருந்து இருக்கு. வேலையைப் பகலுக்கு மாத்த முடியுமான்னு நீங்களும் கேட்டுப் பாருங்க. சரியாயிரும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இது சோம்பல் இல்ல, அதை மட்டும் எழுதித் தர்றேன்." எழுதித் தருகிறேன் என்கிறாள். அப்பாவுக்கும் சேர்த்து ஒன்று எழுதித் தர முடியுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவள் போன பிறகு அந்த நினைப்பு தானாகவே அடங்கியது, யாரோ எழுதிக் கொடுத்த மாதிரியே.

ஒன்பதரை. ஜன்னல் பக்கம் வெயில் ஏறிவிட்டது. அக்காவின் கை வெளியே இருக்கிறது, என் கையும் வெளியே இருக்கிறது. அவள் முகத்தில் இன்னும் ரத்தம் ஊறவில்லை, இன்றைக்கு அவள்தான் தூங்க வேண்டும், நான் முழித்திருக்க வேண்டும், ஆனால் என் முழிப்பை இனி நானே நம்ப மாட்டேன். அதை அவளிடம் சொன்னேன். "பேச்சிக்கிட்ட சொல்லியாச்சு" என்றாள், "அரை மணிக்கு ஒருக்கா ரெண்டு கையையும் வந்து பாத்துட்டுப் போவா. நீ சும்மா கெட." இவ்வளவு பேர் பார்த்துக்கொள்கிற அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன், இந்த ஊரில் ஒரு கருவாட்டு கோடவுனின் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதானே. அப்புறம் கேட்டேன். "அக்கா, தூங்கும்போது நான் எப்படி இருப்பேன்? குறட்டை விடுவேனா?" "குறட்டை இல்ல. பேசுவ." "என்ன பேசுவேன்?" அவள் கண்ணை மூடியபடி சொன்னாள், இந்த முறை மெய்யாகவே தூக்கத்துக்காக மூடியபடி. "யாருல அதுன்னு கேப்ப, அதட்டலா. நாந்தான்யான்னு சொல்லுவேன். சரின்னுட்டு அப்புறம் அமைதியா கெடப்ப." தினமுமா என்று கேட்டேன். தினமும்தான் என்றாள். என் கண்ணிமை கனத்தது, தூக்கத்தின் காலடிச் சத்தம் இந்த வார்டில் முதல் முறையாக எனக்குக் கேட்டது, மெதுவாக, செருப்பில்லாத கால், நான் தடுக்கவில்லை.